கேட்டது ஒன்று, வந்தது மூன்று

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைத் தோட்டத்து லயத்தில் குடியிருக்கிறோம். தீபாவளி மலிவு விற்பனையில், கிள்ளான் கடை ஒன்றில் 289 ரிங்கிட்டுக்கு ஒரு மிக்சி இணையம் வழி வாங்கினேன். பெட்டியைத் திறந்தால் மூன்று இருந்தன. “வீடு தேடி வந்த லட்சுமியை விரட்டாதே” என்றார் மாமியார். ஒன்றை நாத்தனாருக்குக் கொடுத்தேன். அவர் சட்னி அரைக்கத் தொடங்கிவிட்டார். இன்னொன்று பிரிக்காமல் இருக்கிறது. மூன்று வாரம் கழித்துக் கடைக்காரர் அழைத்து, இரண்டுக்கும் தலா 349 ரிங்கிட் கட்டச் சொல்கிறார். இல்லையென்றால் போலீஸ் புகாராம். தூக்கமே வரவில்லை.

பதில்: அம்மா, கசப்பானதை முதலில் சொல்லிவிடுகிறேன். தவறி வந்த பொருள் உங்களுடையது ஆகாது. தவறுதலாகக் கைக்கு வந்ததைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆவது பிரிவு. பெட்டியைத் திறந்த அன்றே கடைக்கு ஒரு வரி எழுதியிருக்க வேண்டும்.

அதற்காகக் கடைக்காரர் கேட்பதையெல்லாம் கொடுக்க வேண்டியதில்லை. 1957ஆம் ஆண்டு பொருள் விற்பனைச் சட்டத்தின் 37ஆவது பிரிவு இந்த நிலைமைக்கென்றே எழுதியது போல இருக்கிறது. கேட்டதைவிட அதிகமாக அனுப்பினால், கேட்டதை வைத்துக்கொண்டு மிச்சத்தை மறுக்கலாம். மிச்சத்தையும் ஏற்றுக்கொண்டால், பேசிய விலையில் பணம் கட்ட வேண்டும். நாத்தனாருக்குக் கொடுத்த மிக்சியை நீங்கள் ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். ஆகவே அதற்கு 289 ரிங்கிட் கொடுத்துவிடுங்கள். 349 அல்ல, மலிவு விற்பனை முடிந்துவிட்டது என்பது உங்கள் பிரச்சினை இல்லை.

பிரிக்காத மிக்சிக்கு ஒரு காசும் தர வேண்டாம். அதைச் சுமந்துகொண்டு பஸ் ஏறிப் பட்டணத்துக்குப் போய், கைக்காசில் கூரியர் அனுப்பவும் வேண்டாம். மறுத்த பொருளைத் திருப்பி அனுப்பும் கடமை வாங்கியவருக்கு இல்லை, மறுப்பதாகத் தெரிவித்தால் போதும் என்கிறது அதே சட்டத்தின் 43ஆவது பிரிவு. ஆனால் நியாயமான காலம் கடந்தும் வாய் திறக்காவிட்டால், அதையும் ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். மூன்று வாரம் ஓடிவிட்டது. இன்றே வாட்ஸ்அப்பில் எழுதுங்கள்:

“நான் கேட்டது ஒன்று. கூடுதலாக வந்ததில் ஒன்றைப் பயன்படுத்திவிட்டோம். அதற்கு 289 ரிங்கிட் தருகிறேன். மற்றதை ஏற்கவில்லை, பிரிக்காமல் பத்திரமாக இருக்கிறது. உங்கள் செலவில் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.”

போலீஸ் பயத்தைப் பற்றி. பிறர் பொருளை நேர்மையற்ற எண்ணத்தோடு தனதாக்கிக்கொள்வது தண்டனைச் சட்டத்தின் 403ஆவது பிரிவின்படி குற்றம். ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. எண்ணம்தான் அங்கே கேள்வி. தானாக எழுதி, பணமும் தருகிறேன், பொருளும் இருக்கிறது என்று சொல்பவரிடம் அந்த எண்ணத்தைக் காட்டுவது கடினம். மறைத்தாலோ, விற்றாலோ, “ஒன்றுதான் வந்தது” என்று சொன்னாலோ கதை வேறு. தோட்டத்து மக்கள் போலீஸ் என்ற சொல்லுக்கே நடுங்கி, கேட்ட தொகையைக் கடன் வாங்கிக் கட்டுவதைப் பார்த்துப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்.

மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். கூரை ஒழுகாத இடத்தில் பெட்டியை வையுங்கள். பார்சலில் ஒட்டியிருந்த சீட்டையும் பழைய செய்திகளையும் அழிக்க வேண்டாம். எடுக்க வருபவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகே ஒப்படையுங்கள். 289 ரிங்கிட்டுக்குத் தனி ரசீது கேளுங்கள். நாத்தனாரின் மிக்சி பழுதானால் உத்தரவாதம் கேட்க அதுதான் கையில் இருக்கும்.