ஹைவேல எந்த ஸ்பீடுல போனா மைலேஜ் அதிகம்? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், தினமும் வேலைக்கு ஹைவேலதான் போய்ட்டு வர்றேன், ஒரு பக்கம் மட்டும் 45 கிமீ. பெட்ரோல் கார், 5 கியர் மேனுவல். ஆபீஸ்ல ஒருத்தர் 60 தாண்டாதங்கிறார், இன்னொருத்தர் 80தான் கரெக்ட்ங்கிறார், மெக்கானிக்கை கேட்டா 100ல விட்டாதான் இன்ஜின் ஃப்ரீயா ஓடும்ங்கிறார். யார் சொல்றத கேக்கறது?

பதில்: முதல் ரெண்டு பேரும் அவங்கவங்க வண்டிய மனசுல வச்சு சொல்றாங்க, மெக்கானிக் சொன்னது மட்டும் மைலேஜ் விஷயமே இல்ல, அத விட்ருங்க. எல்லா காருக்கும் சேர்த்து ஒரே நம்பர்னு எதுவும் கிடையாது, ஆனா உங்க நம்பர் எங்க இருக்கும்னு கண்டுபிடிக்கலாம். டாப் கியர் போட்டு, இன்ஜின் திணறாம, ஸ்டியரிங்ல அதிர்வு வராம, ஆக்சிலரேட்டர லேசா தொட்டா வண்டி இழுக்குது பாருங்க, அந்த குறைஞ்ச ஸ்பீடுக்கு கொஞ்சம் மேல. பெரும்பாலான பெட்ரோல் கார்ல இது 60க்கும் 80க்கும் நடுவுல எங்கயாவது வரும்.

காரணம் சொல்றேன். ஓடற வண்டிய மூணு விஷயம் பின்னாடி இழுக்குது, டயர் உருள்றதுக்கு ஆகற செலவு, காத்த கிழிச்சுட்டு போறதுக்கு ஆகற செலவு, அப்பறம் இன்ஜின் தன்னைத்தானே சுத்திக்கறதுக்கு ஆகற செலவு. டயரோடது எந்த ஸ்பீடுலயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். காத்துதான் வில்லன், ஸ்பீடு ரெண்டு மடங்கானா காத்தோட எதிர்ப்பு நாலு மடங்காகும். 1100 கிலோ எடையுள்ள சாதாரண ஹேட்ச்பேக் ஒண்ண வச்சு கணக்கு போட்டா டயர் எதிர்ப்பு சுமார் 120 நியூட்டன் (விசைய அளக்கற யூனிட்) வருது, காத்து 60ல சுமார் 110, 80ல 190, 100ல 300, 120ல 430ன்னு ஏறிட்டே போகுது. அதாவது 60, 65 வரைக்கும் டயர்தான் பெரிய செலவு, அதுக்கு மேல காத்து முந்திடுது.

ஆனா நீங்க டெய்லி போறவர், உங்களுக்கு நேரமும் காசுதான். அதனால நான் பார்க்கற கணக்கு வேற. உங்க 45 கிமீக்கு 60ல போனா 45 நிமிஷம், 80ல போனா 34 நிமிஷம், 100ல 27, 120ல 22 சொச்சம். 60ல இருந்து 80க்கு ஏறினா 11 நிமிஷம் மிச்சம், 80ல இருந்து 100க்கு 7 நிமிஷம்கூட இல்ல, 100ல இருந்து 120க்கு நாலரை நிமிஷம். கிடைக்கற நிமிஷம் ஒவ்வொரு படிக்கும் குறையுது, எரியற பெட்ரோல் ஒவ்வொரு படிக்கும் கூடுது. 80ல இருந்து 100க்கு போனா செலவு பொதுவா 15ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் கூடும், அந்த 7 நிமிஷத்துக்கு அது கட்டுப்படியாகுமான்னு நீங்கதான் முடிவு பண்ணனும். என்னைக் கேட்டா, ரோட்டுல எல்லாரும் போற வேகம் அனுமதிச்சா இடது பக்கமோ வலது பக்கமோ உங்க ஊர்ல எது ஸ்லோ லேனோ அதுல 75, 80ன்னு ஒரே சீரா போய்ட்டே இருங்க. 60ல போனா இன்னும் கொஞ்சம் மிச்சமாகலாம்தான், ஆனா பின்னாடி வர்ற பஸ்காரன் ஹாரன்லயே உங்கள தள்ளிட்டு போவான், 100ல ஓடற ரோட்டுல 60ல ஊர்றது ஆபத்தும் கூட.

கேள்வி: மெதுவா போகப்போக காத்து எதிர்ப்பு குறையும்னா 40ல போனா இன்னும் நல்லா மைலேஜ் வரணுமே, எனக்கு ஏன் வரல?

பதில்: அந்த மூணாவது செலவ மறந்துட்டீங்க. இன்ஜின் சும்மா ஓடறதுக்கே, அதாவது சிக்னல்ல நிக்கும்போது, சின்ன கார்ல ஒரு மணி நேரத்துக்கு முக்கால் லிட்டர் பக்கம் குடிக்கும். இது கிமீக்கு ஆகற செலவு இல்ல, மணிக்கு ஆகற செலவு. 100 கிமீ போக 40ல ரெண்டரை மணி நேரம், அதுக்கே கிட்டத்தட்ட ரெண்டு லிட்டர் போயிடும், 80ல போனா அதே தூரத்துக்கு ஒரு லிட்டருக்குள்ள முடிஞ்சுடும். 20ல ஊர்ந்தா சொல்லவே வேணாம். அதோட 40ல டாப் கியர் எடுக்காது, நாலாவதோ மூணாவதோ போடணும், ஆர்பிஎம் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தன சுத்து சுத்துதுங்கிறது) ஏறும். ஸ்பீடு கூடக்கூட இந்தச் செலவு கிமீக்கு குறைஞ்சுட்டே வருது, காத்து செலவு கூடிட்டே வருது, ஒண்ணு குறையறதும் இன்னொண்ணு கூடறதும் ஈடாகற இடத்துலதான் நல்ல மைலேஜ்.

கேள்வி: பீக் டார்க் (இன்ஜினோட சுத்தற விசையோட உச்சம்) எந்த ஆர்பிஎம்ல வருதோ அதுலயே ஓட்டினா மைலேஜ் கூடும்னு ஒரு வீடியோல பாத்தேன். என் கார்ல அது 4,000 ஆர்பிஎம். அதுல போனா 130க்கு மேல போகுதே?

பதில்: உங்க சந்தேகமே பதில். பீக் டார்க்ங்கிறது ஆக்சிலரேட்டர முழுசா மிதிச்சா கிடைக்கற கணக்கு, நீங்க ஹைவேல சும்மா க்ரூஸ் பண்ணும்போது முழுசா மிதிக்கறதே இல்ல. மேல சொன்ன ஹேட்ச்பேக்க 80ல ஓட வைக்க சக்கரத்துல 10 குதிரைசக்திக்குள்ளதான் தேவை, 100க்கு 16, 120க்கு 25. நம்ம இன்ஜின் 80, 90 குதிரைசக்தி குடுக்கறது, அதுல பத்த மட்டும் வாங்கறதுக்கு அத 4,000ல சுத்த விட்டா உள்ள உரசறதுக்கும் காத்த உறிஞ்சறதுக்குமே பாதி பெட்ரோல் போயிடும். குறைஞ்ச ஆர்பிஎம், கொஞ்சம் கூடுதலா லோடு (ஒவ்வொரு சுத்துக்கும் இன்ஜின் செய்யற வேலை), பெட்ரோல் இன்ஜினுக்கு இதுதான் பிடிக்கும். அதுக்காக 1,000 ஆர்பிஎம்ல வச்சு திணற விடாதீங்க, டகடகன்னு சத்தம் வந்தாலே ஒரு கியர் இறக்கிடுங்க.

கேள்வி: எல்லாம் சரி சார், என் காருக்கு கரெக்டான ஸ்பீடு எதுன்னு நானே அளந்து பாக்க முடியுமா? டிஸ்ப்ளேல காட்ற மைலேஜ நம்பலாமா?

பதில்: அளக்கலாம், ஆனா பெரும்பாலானவங்க தப்பா அளக்கறாங்க. 5 லிட்டர் போட்டு, தீந்ததும் கிமீ பாத்து, "எனக்கு 24 குடுக்குது"ன்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. டேங்க் ஃபில் பண்ணும்போது நாசில் ஒரு தடவ முன்னாடியே கட் ஆகும், ஒரு தடவ லேட்டா கட் ஆகும், ஒரு லிட்டர் முன்ன பின்ன சாதாரணம். 10 லிட்டர்ல ஒரு லிட்டர் தப்புன்னா 10 சதவீதம் போச்சு, அதே 35 லிட்டர்ல ஒண்ணுன்னா 3 சதவீதம்தான். அதனால ஃபுல் டேங்க்ல இருந்து ஃபுல் டேங்க் வரைக்கும், அதே பங்க், அதே பம்ப், முதல் கிளிக்குலயே நிறுத்திடணும், பங்க் பையன் ரவுண்டா வரட்டும்னு இன்னும் கொஞ்சம் அமுக்கினா வேணாம்னு சொல்லுங்க. ஒரு டேங்க் முழுக்க 80ல, அடுத்த டேங்க் முழுக்க 90லன்னு போய்ப்பாத்தா உண்மை தெரிஞ்சுடும்.

அவ்ளோ பொறுமை இல்லன்னா டிஸ்ப்ளே போதும். டிஸ்ப்ளே காட்ற நம்பர் பொதுவா நெஜத்த விட கொஞ்சம் தாராளமா இருக்கும், ஆனா அது எல்லா ஸ்பீடுலயும் ஏறக்குறைய ஒரே அளவு தாராளமா இருக்கறதால ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட பிரச்சனை இல்ல. முதல்ல ஒரு 15 கிமீ ஓட்டி இன்ஜின் டயர் எல்லாம் சூடாகட்டும். அப்பறம் சமதளமா ஒரு 10 கிமீ எடுத்துக்கங்க, அந்த ஸ்பீடுக்கு வந்து நின்னதுக்கு அப்பறம்தான் ட்ரிப் மீட்டர ரீசெட் பண்ணனும், அதுக்கு முன்னாடி பண்ணா பிக்கப் எடுத்த பெட்ரோலும் அதுல சேந்துடும். அதே ரோட்டுல திரும்பி வந்தும் அளக்கணும். 20 கிமீ வேகத்துல எதிர்க்காத்து அடிச்சா நீங்க 80ல போனாலும் காத்துக்கு நீங்க 100ல போற மாதிரிதான், ஒரு பக்கம் மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணா ஏமாந்துடுவீங்க. போகும்போது 22, வரும்போது 14 வந்துச்சுன்னா கூட்டி ரெண்டால வகுத்து 18னு எழுதிடாதீங்க, ரெண்டு பக்கமும் எரிஞ்ச பெட்ரோல கூட்டி மொத்த தூரத்த வகுத்தா 17 சொச்சம்தான் வரும்.

இன்னொண்ணு, ஸ்பீடோமீட்டர். ஐநாவோட 39ஆம் நம்பர் வாகன விதிப்படி அது நெஜ வேகத்த விட கம்மியா காட்டவே கூடாது, கூடுதலா காட்டலாம், அதுவும் 10 சதவீதத்தோட 4 கிமீ சேர்த்து வரைக்கும். அதாவது நெஜமா 80ல போகும்போது முள்ளு 92 காட்டினாலும் விதிப்படி சரிதான். அவ்ளோ மோசமா எந்த கம்பெனியும் வைக்கறதில்ல, 4, 5 கிமீ வித்தியாசம் சகஜம். ஃபோன் ஜிபிஎஸ்ஸோட ஒரு தடவ ஒப்பிட்டு பாத்துக்கங்க, ரெண்டு ஃப்ரெண்டுங்க ஒரே ஸ்பீடுல வேற வேற மைலேஜ் சொல்றதுக்கு பாதி காரணம் இதுதான்.

கேள்வி: 80லயே போறேன், ஆனாலும் மைலேஜ் ஏறல. ரோட்டுல அங்கங்க ஸ்லோ பண்ண வேண்டியிருக்கு, அதனாலயா?

பதில்: அதேதான். சராசரி 80ன்னு சொல்றதுக்கும் சீரா 80ல போறதுக்கும் ரொம்ப வித்தியாசம். 1100 கிலோ காரு 80ல இருந்து நின்னு மறுபடி 80க்கு வந்தா, இன்ஜின் பெட்ரோல்ல கால்வாசியதான் வேலையா மாத்தும்னு வச்சுக்கிட்டா, 30 மில்லிக்கு மேல செலவு, ரெண்டு மூடி சிரப் அளவு. 100ல இருந்துன்னா 50 மில்லி. ஒரு பயணத்துல பத்து பதினஞ்சு தடவ இப்படி பிரேக் போட்டா அரை லிட்டர் பிரேக் டிஸ்க்குல சூடா போயிடுச்சு. தூரத்துல ஸ்பீடு பிரேக்கரோ கூட்டமோ தெரிஞ்ச உடனே ஆக்சிலரேட்டர்ல இருந்து கால எடுத்துடுங்க, கடைசி நிமிஷம் வரைக்கும் மிதிச்சுட்டு போய் பிரேக்க அமுக்காதீங்க.

கேள்வி: இறக்கத்துல நியூட்ரல் போட்டா மிச்சமாகுமா?

பதில்: போடாதீங்க. கார்புரேட்டர் காலத்து பழக்கம் அது. இப்ப இருக்கற இன்ஜெக்ஷன் வண்டில கியர்ல இருக்கும்போது கால எடுத்தா பெட்ரோல் சப்ளையே கட் ஆயிடும், சக்கரம்தான் இன்ஜின சுத்த வைக்கும். நியூட்ரல் போட்டா இன்ஜின் ஐடில்ல, அதாவது சும்மா, ஓட பெட்ரோல் வேணும், இன்ஜின் பிரேக்கிங்கும் போச்சு.

கேள்வி: ஏசியா, கண்ணாடி இறக்கறதா?

பதில்: ஊருக்குள்ள மெதுவா போகும்போது கண்ணாடி. ஹைவேல 80க்கு மேல ஏசி போட்டு கண்ணாடிய ஏத்திடுங்க, வித்தியாசம் ஒண்ணும் பெருசா இருக்காது, காதாவது மிஞ்சும். அதவிட, மேல சும்மா மாட்டி வச்சிருக்கீங்களே ரூஃப் பாக்ஸ், அத கழட்டுங்க, வேகமா போற ரோட்டுல பெரிய பாக்ஸ் ஒண்ணே 10ல இருந்து 25 சதவீதம் வரைக்கும் சாப்பிடும்.

கேள்வி: எலக்ட்ரிக் காருக்கும் இதே 80 கணக்குதானா?

பதில்: இல்ல, அதுக்கு நிக்கும்போது எரியற செலவு கிட்டத்தட்ட கிடையாது, ஏசியும் லைட்டும்தான். அதனால அதோட நல்ல ஸ்பீடு ரொம்ப கீழ, 30, 40 பக்கம் வரும், ஹைவேக்கு அது உதவாது. ஹைவேல எவ்ளோ குறைக்கறீங்களோ அவ்ளோ ரேஞ்ச், அதாவது ஒரு சார்ஜ்ல போற தூரம், கூடும்னு வச்சுக்கங்க. பெட்ரோல் கார்ல இன்ஜினுக்கு வேலை கூடினா அது கொஞ்சம் திறமையா வேலை செஞ்சு காத்து செலவுல ஒரு பங்க மறைச்சுடும், மோட்டார் எப்பவுமே திறமையாதான் ஓடுது, அதனால மறைக்க ஒண்ணும் இல்ல. 80ல இருந்து 100க்கு போனா கிமீக்கு 25, 30 சதவீதம் கூட இழுக்கறது அப்படியே பேட்டரில தெரியும். சார்ஜ் கம்மியா இருக்கும்போது ஏசிய ஆஃப் பண்றத விட 15 கிமீ ஸ்பீட குறைக்கறது நிறைய காப்பாத்தும்.

கேள்வி: அமெரிக்காவுல பெட்ரோல் மிச்சம் பண்ண 55 மைல்னு சட்டமே போட்டாங்களாமே, அதுதான் பெஸ்ட் ஸ்பீடா?

பதில்: போட்டாங்க. 1973ல அரபு நாடுங்க எண்ணெய் தடை விதிச்சப்ப தட்டுப்பாடு வந்து, 1974 ஜனவரில நிக்சன் கையெழுத்து போட்டார். 55 மைல்னா 88 கிமீ சொச்சம். அது எந்த காருக்கும் பெஸ்ட் ஸ்பீடுன்னு அளந்து வச்சதில்ல, ஓட்டறவங்க ஒத்துக்கற மாதிரி ஒரு நடு நம்பர். 1987ல கிராமப்புற ஹைவேக்கு 65 மைல்னு தளர்த்தி, 1995ல தேசிய அளவுல இருந்த சட்டத்தையே எடுத்துட்டாங்க.

கேள்வி: நான் பைக்ல போறவன், எங்களுக்கும் ஒரு வரி சொல்லுங்க.

பதில்: பைக்குக்கு வடிவமே காத்துக்கு ஒத்து வராது, அதுவும் மேல உக்காந்திருக்கற நீங்கதான் பெரிய தடுப்பு, அதனால நல்ல ஸ்பீடு இன்னும் கீழ, சின்ன பைக்குங்கள்ல 40ல இருந்து 55 வரைக்கும், டாப் கியர்ல. செயின்ல ஆயில், டயர்ல காத்து ரெண்டையும் பாத்துக்கங்க, ஜாக்கெட் ஜிப்ப மேல வரைக்கும் இழுத்து விடுங்க, படபடன்னு அடிக்கற துணியும் பெட்ரோல் குடிக்கும்.