ஊசி வைத்ததால் பரவிவிட்டதா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்தில் குடியிருக்கிறோம். என் மாமியாருக்கு 61 வயது. இடது மார்பில் ஒரு பக்கம் தடிப்பாக இருந்தது. மேமோகிராமில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்த்ததில் 'லோபுலார் கார்சினோமா, ஈ-கேட்ஹெரின் நெகட்டிவ்' என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது. மார்பகப் புற்றுநோயில் ஒரு வகையாம். செல்களைப் பிடித்து வைக்கும் புரதம் போய்விட்டதால் வேகமாகப் பரவும் என்று இணையத்தில் படித்தேன். சொந்தக்காரர்களோ, "ஊசி குத்துனதுலதானுங்க பரவிப்போச்சு, இனிக் கத்தி வெச்சுராதீங்க" என்கிறார்கள். அத்தை ஆபரேஷனே வேண்டாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் அத்தையிடம் இதைச் சொல்லுங்கள். அந்தப் புரதம் ஊசி வைத்ததால் போகவில்லை. அது முன்பே போய்விட்டது. போனதைக் காட்டிக் கொடுத்ததுதான் ஊசி.

ஈ-கேட்ஹெரின் செல்லின் மேற்பரப்பில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு புரதம். பக்கத்துச் செல்லிலும் அதுவே இருக்கும். பனியன் துணியில் கண்ணியோடு கண்ணி கோத்திருப்பது போல இரண்டும் கோத்துக்கொள்ளும். அதற்குக் கால்சியம் தேவை. அதற்காக ராகிக் களியையும் மாத்திரையையும் கூட்டிக் கொடுத்துப் பயனில்லை. ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை உடம்பே பார்த்துக்கொள்ளும். இங்கே இல்லாமல் போனது புரதம்தான்.

மார்பகப் புற்றுநோயில் 100 பேரில் 10 முதல் 15 பேருக்கு வருவது லோபுலார் வகை. அதில் பெரும்பாலும் இந்தப் புரதத்துக்கான சிடிஎச்1 மரபணு பழுதாகியிருக்கும். சதைத் துண்டுக்குச் சாயமேற்றி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால், நல்ல செல்களைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் கோடு கட்டியிருக்கும். பக்கத்திலேயே புற்றுச் செல்கள் அந்தக் கோடு இல்லாமல், நார்களுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நிற்கும். உருண்டு திரளாததால்தான் அத்தைக்குக் கட்டியாக இல்லாமல் தடிப்பாக இருந்தது, மேமோகிராமுக்கும் தப்பியது. நோய் எவ்வளவு தூரம் போயிருக்கிறது, இன்னொரு மார்பிலும் இருக்கிறதா என்பதற்கு ஆபரேஷனுக்கு முன் எம்ஆர்ஐ எடுக்கலாமா என்று சர்ஜனிடம் கேளுங்கள்.

ஆக, அந்த 'நெகட்டிவ்' நோயின் வகையைச் சொல்கிறது, கடுமையைச் சொல்லவில்லை. அதிகம் காணப்படும் டக்டல் வகையில் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் அப்படியே இருக்கும். இருந்தும் அந்தச் செல்கள் கூட்டமாக நகர்ந்து பரவத்தான் செய்கின்றன. புரதம் போனாலே பரவும், இருந்தால் பரவாது என்று கணக்குப் போட முடியாது.

பிரிந்து வருவது ஒரு படிதான். செல் அப்புறம் இன்டெக்ரின் என்ற வேறு மேற்பரப்புப் புரதங்களால் சுற்றியுள்ள நார்களைப் பிடித்து நகர வேண்டும், ரத்தக் குழாய்க்குள் நுழைய வேண்டும், ஓட்டத்தைத் தாங்கி இன்னோர் இடத்தில் பற்ற வேண்டும். பற்றினாலும் அந்த உறுப்பு அதற்கு ஒத்துவர வேண்டும். இதை லண்டன் மருத்துவர் ஸ்டீபன் பேஜெட் 1889-லேயே எழுதினார். ரத்தத்தில் இறங்கும் புற்றுச் செல்களில் மிகப் பெரும்பாலானவை செத்துப்போகின்றன. ஊசி போன வழியில் சில செல்கள் இடம் மாறலாம்தான். ஆனால் அவை வேரூன்றி நோயாக வளர்வது மிக அபூர்வம். ஆபரேஷனும் அதன்பின் தரும் சிகிச்சையும் அந்த இடத்தையும் சேர்த்தே கவனிக்கின்றன. உலகம் முழுவதும் மார்புக் கட்டிக்கு ஊசி பயாப்ஸிதான் முறை. எனக்குப் பயம் ஊசியைப் பற்றி இல்லை, "கத்தி வெச்சுராதீங்க" என்ற பேச்சைக் கேட்டு நீங்கள் கடத்தும் மாதங்களைப் பற்றித்தான்.

ரிப்போர்ட்டில் சிகிச்சையைத் தீர்மானிக்கும் வரிகள் ஈஆர், பிஆர் (புற்றுச் செல்லில் ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள்), ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் ஒரு புரதம்). லோபுலார் வகையில் பெரும்பாலும் ஈஆர் பாசிட்டிவாக இருக்கும். அப்படி இருந்தால் லெட்ரோசோல் போன்ற ஹார்மோன் மாத்திரை நன்றாக வேலை செய்யும். அது எலும்பைத் தேய்க்கும் என்பதால் டாக்டர் அப்போது கால்சியம் எழுதித் தரலாம். அது வேறு காரணத்துக்கு.

இன்னொன்று. அத்தையின் உடன்பிறந்தவர்கள், பெற்றோர் வழியில் யாருக்காவது, முக்கியமாகச் சிறு வயதில், வயிற்றுப் புற்றுநோய் வந்ததா என்று விசாரியுங்கள். சிடிஎச்1 பழுது சில குடும்பங்களில் பரம்பரையாக வரும்; அங்கே இரைப்பைப் புற்றுநோயும் இதே மார்பகப் புற்றுநோயும் சேர்ந்து வரும். அப்படி இருந்தால் புற்றுநோய் மருத்துவரிடம் சொல்லுங்கள். உங்கள் கணவருக்கும் மரபணுப் பரிசோதனை தேவைப்படலாம்.

முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய் ஆபரேஷனும் கீமோவும் வருகின்றன. அட்டையையும் எல்லா ரிப்போர்ட்டுகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே அத்தையைக் கூட்டிப்போங்கள். தடுக்கும் சொந்தக்காரர் ஒருவரையும் உடன் அழைத்துப் போய், அவர் கேட்க வேண்டியதை டாக்டரிடமே கேட்கச் சொல்லுங்கள்.