ஈவில் டெட் 2: உங்கள் பிரதியில் எதுவும் வெட்டுப்படவில்லை

ஈவில் டெட் பேய்ப்பட வரிசையின் முதல் படத்தில் ஐந்து பேர் காட்டு வீட்டுக்குப் போனார்கள், இரண்டாவதில் நாயகன் ஆஷும் அவன் காதலி லிண்டாவும் மட்டும் போகிறார்கள், லிண்டாவாக நடிப்பவரும் வேறு ஆள், என் பிரதியில் ஏதாவது வெட்டுப்பட்டிருக்கிறதா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை நண்பரே, 1987இல் வந்த படமே அப்படித்தான்.

எல்லாம் உரிமைச் சிக்கல். முதல் படத்தின் உரிமை வெவ்வேறு நிறுவனங்களுக்கு விற்கப்பட்டிருந்ததால், முன்கதைக்குப் பழைய காட்சிகளை எடுத்துப் போட முடியவில்லை. சரி, புதிதாகவே எடுத்துவிடலாம் என்று இயக்குநர் சாம் ரெய்மி இறங்கிவிட்டார். சில நிமிட முன்கதையில் ஐந்து பேருக்கு இடமேது? இரண்டாகச் சுருக்கினார். கண்ணுக்குத் தெரியாத பேய்ச் சக்தி ஆஷைத் தூக்கி வீசும் இடம்வரை முன்கதை. அதற்கப்புறம்தான் புதுக்கதை. அதனால் இதை மறு ஆக்கம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்றால் இன்னும் சில விஷயங்கள். திகில் நாவலாசிரியர் ஸ்டீபன் கிங் சிபாரிசு செய்து, தயாரிப்பாளர் டினோ டி லாரன்டிஸ் பணம் போட்ட படம் இது. செலவு சுமார் 36 லட்சம் டாலர். வீட்டின் உட்புறம், அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்து வேட்ஸ்பரோவில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்குள் போட்ட செட். ஹென்ரியட்டா பேயாக ரப்பர் உடைக்குள் வெந்தவர் இயக்குநரின் தம்பி டெட் ரெய்மி. பேய் காற்றில் சுழலும்போது காதுப் பக்கம் பாருங்கள், வியர்வை ஒழுகும். கருவிக் கொட்டகையின் கதவுக்கு மேலே ‘எ நைட்மேர் ஆன் எல்ம் ஸ்ட்ரீட்’ பட வில்லன் ஃப்ரெடி க்ரூகரின் கத்திக் கையுறை தொங்குவதையும் விட்டுவிடாதீர்கள்.