தங்கையின் சிகிச்சைக்கு மறுபடியும் கார்டைத் தேய்க்கலாமா?

கேள்வி: என் தங்கைக்கு இது 5-ஆம் மாதம். முதுகுவலிக்குத் தொடங்கிய டேபென்டடால் மாத்திரையை இப்போது விட முடியவில்லை. புகுந்த வீட்டுக்குத் தெரியக்கூடாது என்று அம்மா அழுகிறார். கர்ப்பத்துக்கு முன்பு இரண்டு முறை ஊருக்கு வெளியே ஒரு மறுவாழ்வு மையத்தில் சேர்த்தேன். அந்த வகையில் கிரெடிட் கார்டில் 1,60,000 ரூபாய் பாக்கி. இப்போது 3 மாதத்துக்கு 1,20,000 கேட்கிறார்கள். பிரசவ பாலிசி எடுத்தால் செலவு திரும்பக் கிடைக்கும் என்கிறார் ஏஜென்ட். என் சம்பளம் 42,000. என்ன செய்வது?

பதில்: அந்த 1,20,000-ஐக் கட்டாதீர்கள். இதுவரை நீங்கள் கொடுத்ததில் பெரும்பகுதி சிகிச்சைக்குப் போகவில்லை, விஷயம் வெளியே தெரியாமல் இருக்கத்தான் போயிருக்கிறது.

கார்டு வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வைத்தால் 5,600 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்தால் 6,600. குறைந்தபட்சத் தொகையாக 8,000 கட்டினாலும் அசலில் 1,400-தான் குறையும். அம்மாவின் நகையை வங்கியில் வைத்துக் கார்டு பாக்கியை மொத்தமாக அடைத்துவிடுங்கள். ஆண்டுக்கு 10 சதவீதம் என்றாலும் மாத வட்டி 1,350-க்குள் நிற்கும். நகையை வைக்க அம்மா தயங்குவார். இந்தக் கணக்கை அவர் முன்னால் எழுதிக் காட்டுங்கள்.

பாலிசி வேண்டவே வேண்டாம். பிரசவச் செலவுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு, இந்தப் பிரசவத்துக்கு உதவாது. போதைப் பழக்கத்துக்கான சிகிச்சையோ பெரும்பாலான மருத்துவ பாலிசிகளின் விலக்குப் பட்டியலிலேயே இருக்கிறது. இது தெரிந்தும் விற்க வருபவரிடம் எனக்குப் பொறுமை இல்லை.

சரி, எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு. மனநலப் பிரிவும் மகப்பேறு பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதுதான் உங்கள் தங்கைக்கு முக்கியம். இந்த வகை மாத்திரையைக் கர்ப்பத்தில் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அதற்குப் பதிலாக மெதடோன் அல்லது பியூப்ரெனார்பின் என்ற மாற்று மருந்தை டாக்டர் கண்காணிப்பில் தொடர்ந்து கொடுப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் 2014 வழிகாட்டுதலில் பரிந்துரைக்கிறது. பிறந்த குழந்தைக்கும் சில நாள் விலகல் அறிகுறிகள், அதாவது மருந்து கிடைக்காமல் போவதால் வரும் உபாதைகள், வரலாம். அதற்கு மருத்துவம் உண்டு, ஆனால் பச்சிளங்குழந்தை வார்டு பக்கத்தில் இருக்க வேண்டும். மகப்பேறு டாக்டர் இல்லாத மையம் எவ்வளவு வசதியாக இருந்தாலும் இப்போது சரிப்படாது. வழி கேட்க 14446 என்ற இலவச எண் இருக்கிறது. பெங்களூரில் உள்ள தேசிய மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸிலும் போதை மருத்துவத்துக்குத் தனி மையம் உண்டு.

பிரசவத்துக்குப் பிறகு உள்நோயாளியாகச் சேர நேர்ந்தால், குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அவர் பயப்படலாம். 3 வயதுக்கு உட்பட்ட குழந்தையைச் சாதாரணமாகத் தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது என்று 2017 மனநலச் சட்டமே சொல்கிறது. இதை அவரிடம் சொல்லுங்கள், தைரியம் வரும்.

கார்டுக்குக் கட்டிய 8,000-ல் நகை வட்டி போக 6,650 மிஞ்சும். பிரசவம் வரை 4 மாதம் சேர்த்தால் 26,600. அப்புறம் தூக்கமில்லாத இரவுகளில்தான் பழைய பழக்கம் திரும்ப வரப் பார்க்கும். இந்தப் பணம் அப்போது மாதாமாதம் மருத்துவமனைக்குப் போய்வரவும், வீட்டில் ஓர் ஆள் துணைக்கு இருக்கவும் ஆகும். வேறு எதற்கும் தொடாதீர்கள்.

மச்சானிடம் இந்த வாரமே சொல்லிவிடுங்கள், தங்கையின் சம்மதத்தோடு, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு.