எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காத படம், நகைச்சுவை, சிறுவயதுப் புத்தகம்: உங்களுக்கு எவை?

மூன்றுக்கும் என்னிடம் ஒரே அளவுகோல்தான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் பிடிக்கிறதா என்று பார்ப்பேன். தொண்ணூறுகளில் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள காரைதீவில் வளர்ந்ததால் வந்த பழக்கம் இது. அப்போது எங்களுக்குக் கரண்ட் இல்லை. படம் பார்ப்பதென்றால் வீடியோ கசெட் போடும் டெக், டீவி, ஜெனரேட்டர் மூன்றையும் வாடகைக்கு எடுத்து, யாராவது ஒருவர் வீட்டு முற்றத்தில் வைத்து விடிய விடியப் பார்ப்பதுதான். இரைச்சலில் வசனம் கேட்காது என்று ஜெனரேட்டரைக் கிணற்றடிக்கு அப்பால் கொண்டுபோய் வைப்பார்கள். முதலில் பெரியவர்களுக்கு ஒரு பக்திப் படம், பிறகு ஒரு சண்டைப் படம், தூக்கம் கண்ணைக் கட்டும் நேரத்தில் சிரிப்புப் படம். பின்னால் இருந்த சிறுவர்களுக்கு முன்னாலிருப்பவர்களின் தலைதான் தெரியும். பாதிப் படத்தைக் காதால்தான் பார்த்தோம்.

அப்படிப் பார்த்ததுதான் ‘மைக்கேல் மதன காமராஜன்’. 1990இல் வந்த படம். கிரேசி மோகனின் வசனத்தில் ஒன்றுக்குச் சிரித்து முடிப்பதற்குள் அடுத்தது ஓடிவிடும். யாராவது ஒருவர் “ரீவைண்ட் பண்ணுங்க” என்று கத்துவார், டெக்காரரும் பொறுமையாகத் திருப்பிப் போடுவார். அதில் கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிடும் கட்டம் உலகத்துக்கே பிடித்தது. முற்றமே உருண்டு புரண்டு சிரித்தது, எனக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. “மீன் விழுந்தா நல்லந்தானே?” என்று அம்மம்மாவைக் கேட்டேன். கடற்கரை ஊர்ப் பிள்ளைக்கு மீனில்லாத சோறுதான் குறையுள்ள சோறு. அது மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களின் கல்யாணம் என்று அவர் சொன்ன பிறகுதான் சிரித்தேன். எத்தனையோ முறை பார்த்துவிட்டேன், அந்த இடம் வரும்போது அம்மம்மாவின் குரலும் சேர்ந்தே வருகிறது.

நகைச்சுவையில் என் மனதுக்கு இன்னும் நெருக்கமானது நம் நாட்டுச் சரக்கு. இலங்கை வானொலியில் எஸ். ராம்தாசின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ தொடர் கொடிகட்டிப் பறந்த காலம் அப்பாவின் காலம். அதே குழு 1976இல் ‘கோமாளிகள்’ என்ற படத்திலும் நடித்தது. மரைக்கார், அப்புக்குட்டி, உபாலி, ஐயர் என்று நால்வர். ஒருவர் முஸ்லிம் தமிழ், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்கள வாடையடிக்கும் தமிழ், ஒருவர் ஐயர் தமிழ். நால்வர் குரலையும் அப்பாவே செய்து காட்டுவார், சைக்கிள் பாரில் என்னை இருத்திக்கொண்டு கல்முனைச் சந்தைக்குப் போகிற வழியெல்லாம். வடக்கே சாய்ந்தமருது, தெற்கே நிந்தவூர், நடுவில் எங்கள் ஊர். ஆகவே மரைக்காரின் பேச்சு எங்களுக்கு வேடிக்கைப் பேச்சே இல்லை, தினமும் கடையில் கேட்கிற பேச்சு. யாருடைய தமிழையும் மட்டம் தட்டாமல் நான்கு தமிழையும் ஒரே மேசையில் இருத்தினார்களே, அதற்காகவே அவர்களைக் கொண்டாடுவேன். ஆனால் ஒரு மனக்குறை: பிறகு என்பதற்கு ‘மறுகா’, மகனே என்பதற்கு ‘மனே’ என்று இழுத்துப் பேசும் எங்கள் மட்டக்களப்புத் தமிழுக்கு அந்த மேசையில் ஒரு கதிரை இல்லை.

படம் என்றால் ‘அன்பே சிவம்’. 2003 பொங்கலுக்கு வந்து தியேட்டரில் சரியாக ஓடாத படம், இன்றைக்குத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். நானும்தான். மழையில் மாட்டிக்கொண்ட இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டே ஊர் திரும்பும் கதை. அதில் ஓரிடத்தில் சுனாமி என்ற சொல் வரும். முதல்தடவை அது என் காதில் விழவே இல்லை. 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அந்த இடத்தைத் தாண்டி உடனே போக முடிவதில்லை, நிறுத்திவிட்டுக் கொஞ்சம் வெளியே போய் நின்றுவிட்டுத்தான் வருவேன்.

சரி, புத்தகம். அம்மாவின் பெட்டியில் கிடந்த பழைய ‘அம்புலிமாமா’ கட்டு. 1947இல் தொடங்கிய இதழ், ஆனால் எங்களிடம் இருந்தவற்றுக்கு அட்டையே இல்லாததால் எந்த வருடத்தது என்று தெரியாது. வேதாளத்தைத் தோளில் போட்டு, கையில் வாளோடு நடக்கும் விக்கிரமனை சங்கர் வரைந்திருப்பார். குப்பி விளக்கு ஆடும்போது அந்தப் படமும் ஆடும், நான் அம்மம்மாவின் சீலைக்குள் ஒதுங்குவேன். 2020இல் அந்த ஓவியர் காலமானார் என்ற செய்தியைப் படித்தபோது சொந்தக்காரர் ஒருவர் போன மாதிரி இருந்தது.

அந்தக் கட்டில் தலை மாறிய கதை ஒன்று. கணவனும் அண்ணனும் கோயிலில் தங்கள் தலையைத் தாங்களே வெட்டிக்கொள்கிறார்கள். அம்மன் வரம் தர, அந்தப் பெண் பதற்றத்தில் தலைகளை மாற்றி ஒட்டிவிடுகிறாள். இப்போது யார் கணவன்? வேதாளம் கேட்கிறது. அடுத்த பக்கத்தைக் கறையான் தின்றுவிட்டது. பதிலில்லாத கேள்வியோடு எத்தனை இரவு சண்டை பிடித்திருப்போம்! தலை என்பான் தம்பி, உடம்பு என்பேன் நான்.

பல வருடம் கழித்து இன்னொரு பிரதியில் பதிலைக் கண்டேன். தலைதான் உடலுக்குப் பிரதானம், ஆகவே கணவனின் தலை உள்ளவனே கணவன் என்கிறான் விக்கிரமன். ஓடிப்போய் அம்மம்மாவிடம் சொன்னேன். கிணற்றடியில் மீன் செதில் சீவிக்கொண்டிருந்தவர் நிமிரவே இல்லை.

“தாலி கட்டினது கை எலுவா மனே” என்றார்.