தாத்தாவின் நெகடிவ் பெட்டிகள்: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

சத்தியமங்கலம் பக்கத்தில் எங்கள் தாத்தா 1950இலிருந்து ஸ்டுடியோ நடத்தினார். அவருக்குப் பிறகு பூட்டியே கிடந்த கடையை இப்போது காலி செய்கிறோம். பதினொரு மரப்பெட்டி நிறையக் கண்ணாடி நெகடிவ், நாலைந்து தகர டப்பாவில் பிலிம், மூன்று நீள நோட்டு. பவானிசாகர் அணை கட்டும்போது எடுத்தவை, வாய்க்கால் வேலை, பஞ்சாயத்துத் தண்ணீர்த்தொட்டித் திறப்பு எல்லாம் இருக்கின்றன. மீதி பாஸ்போர்ட் சைஸ், கல்யாணம், பள்ளி குரூப் போட்டோ. அணைப் படங்களை வைத்துக்கொண்டு மீதியைப் போட்டுவிடலாம் என்கிறார் சித்தப்பா. பழைய சாமான்காரர் கிலோ கணக்கில் கேட்கிறார். ஒரு டப்பாவைத் திறந்தால் புளிச்ச வாடை அடிக்கிறது. எந்த ஸ்கேனர் வாங்கலாம்? பேஸ்புக்கில் போடலாமா?

ச., கோபி

அன்புள்ள ச.,

சாமான்காரரை முதலில் அனுப்பிவிடுங்கள். அவருக்கு வேண்டியது பிலிமில் உள்ள வெள்ளியும் கண்ணாடியும்தான். சுரண்டிக் கழுவிவிட்டால் உங்கள் தாத்தாவின் நெகடிவ் சாமி படத்துக்குச் சட்டக் கண்ணாடி ஆகிவிடும்.

சித்தப்பா சொல்வதைக் கேட்காதீர்கள். அணைப் படத்துக்குத் தேதி கொடுக்கப்போவதே அந்தப் பாஸ்போர்ட் படங்கள்தான். அணைக்கட்டு வேலையைக் காட்டும் நெகடிவில் பெரும்பாலும் தேதி இருக்காது, ஓரத்தில் ஊசியால் கீறிய ஓர் எண் மட்டும் இருக்கும். 2147 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2146 யாரோ ஒருவரின் பாஸ்போர்ட் படம், 2149 ஒரு கல்யாணம். நோட்டில் அந்த இரண்டுக்கும் தேதி, பெயர், வாங்கிய முன்பணம் எழுதியிருந்தால் நடுவில் உள்ள அணைப் படம் எந்த வாரத்தில் எடுத்தது என்று தெரிந்துவிடும். அணை 1948இல் தொடங்கி 1955இல் முடிந்தது. ஏழு வருட வேலையில் இது எந்தக் கட்டம் என்று தெரியாத படம் சுவரில் மாட்டத்தான் உதவும். ஆகவே முதல் வேலை அந்த மூன்று நோட்டுகளையும் பக்கம் விடாமல் படம் எடுப்பது. அடுத்து ஒவ்வொரு பெட்டியையும் திறந்தபடி மேலிருந்து ஒரு படம். அதன் பிறகே உள்ளே கை வைக்க வேண்டும்.

புளிச்ச வாடை அசிட்டேட் என்ற பிளாஸ்டிக்கால் ஆன பிலிம் சிதைவதால் வருகிறது. அடித்தளம் சுருங்கும், மேலே உள்ள ஜெலட்டின் அந்த அளவுக்குச் சுருங்காததால் வாய்க்கால் வாய்க்காலாக மடிப்பு விழும். வெளிவரும் அமிலம் சிதைவை வேகப்படுத்தும், பக்கத்து ரோலுக்கும் பரவும். மூடிய தகர டப்பா இதற்கு மிகக் கெட்ட இடம். அந்த டப்பாவை இன்றைக்கே மற்றவற்றிலிருந்து பிரியுங்கள், பிலிமைக் காகித உறைக்கு மாற்றிக் காற்றோட்டமாக வையுங்கள், அதையே முதலில் டிஜிட்டலாக்குங்கள். சிதைந்ததைத் திருப்ப முடியாது, குளிர்ச்சி வேகத்தைக் குறைக்கும். பிரிட்ஜில் வைப்பதானால் இரண்டு பாலிதீன் உறை போட்டு நடுவில் சிலிகா ஜெல் வைத்து மூடுங்கள். வெளியே எடுத்தால் ஓர் இரவு கழித்துத்தான் பிரிக்க வேண்டும். உடனே பிரித்தால் வேர்த்துவிடும்.

பிலிம் ஓரத்தில் ஆங்கிலத்தில் ‘சேஃப்டி’ என்று இருக்கிறதா பாருங்கள், அது எளிதில் தீப்பற்றாத வகை. ‘நைட்ரேட்’ என்று இருந்தாலோ, பழுப்பேறிப் பிசுபிசுத்தாலோ, அதை வீட்டுக்குள் வைக்காதீர்கள். தீப்பிடித்தால் தண்ணீருக்கும் அணையாது. கோடாக் 1951க்குள் நைட்ரேட் பிலிம் செய்வதை நிறுத்திவிட்டது. ஆனாலும் எல்லாப் பிலிமையும் பாருங்கள், தாத்தாவின் முதல் சில வருடப் பிலிம்களில் குறிப்பாகத் தேடுங்கள். நெருப்பு வைத்துச் சோதிக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கண்ணாடிக்கு வருவோம். சாய்வான வெளிச்சத்தில் பிடித்தால் ஒரு பக்கம் பளபளக்கும், மறுபக்கம் மங்கலாகத் தெரியும். மங்கலான பக்கந்தான் படம். அங்கே ரப்பர் ப்ளோயரால் காற்று ஊதலாம், அதற்குமேல் எதுவும் செய்யக்கூடாது. துடைத்தால் அழுக்கோடு டச்சிங்கும் போய்விடும். முகங்களின் மேல் பென்சிலால் நுணுக்கமாகப் புள்ளி வைத்திருப்பார், வானத்தைச் சிவப்பு மையால் அடைத்திருப்பார். அதுவும் அவருடைய கைவேலைதான். பளபளப்பான பக்கத்தை மட்டும் காய்ச்சி வடித்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் துடைக்கலாம். உடைந்த கண்ணாடிக்கு செலோடேப் ஒட்டாதீர்கள். உடையாதவற்றை நீள ஓரம் கீழே இருக்கும்படி செங்குத்தாக நிறுத்தி வையுங்கள். படுக்கையாக அடுக்கினால் அடியில் உள்ளது விரிசல் விடும். ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும். பரண், குளியலறைச் சுவர் இரண்டும் வேண்டாம்.

ஸ்கேனர் வாங்க வேண்டாம். சாதாரண ஸ்கேனரின் மூடியில் விளக்கு இருக்காது. விளக்கு உள்ள மலிவான மாடல்களிலும் அது சின்ன பிலிம் துண்டுக்கு மட்டுமே போதும். 24 மெகாபிக்ஸல் கேமரா, மேக்ரோ லென்ஸ், செங்குத்து ஸ்டாண்ட், நல்ல எல்இடி பலகை இருந்தால் வேலை முடியும். பலகையின் மேல் நேராகக் கண்ணாடியை வைக்காமல் ஓரங்களுக்கு முட்டுக் கொடுத்து இரண்டு அங்குலம் உயர்த்துங்கள். அப்போதுதான் பலகையின் தூசி படத்தில் விழாது. கேமரா மட்டமாக இருக்கிறதா என்று பார்க்க, நெகடிவ் வைக்கும் இடத்தில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து வியூபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் நட்ட நடுவில் தெரிந்தால் சரி. ஐஎஸ்ஓ 100, எஃப் 8, இரண்டு விநாடி டைமர், அறை விளக்கு அணைப்பு, நெகடிவைச் சுற்றிக் கறுப்பு அட்டை. அரை பிளேட் (4¾ × 6½ அங்குலம்) நெகடிவில் அங்குலத்துக்கு 800 புள்ளிக்கு மேல் கிடைக்கும். திறப்புவிழாக் கல்வெட்டையும் அளவுக்கோலில் உள்ள எண்ணையும் படிக்க இது தாராளம். ஓரத்தை வெட்டாமல் முழுக்கண்ணாடியும் வரும்படி எடுங்கள், எண் அங்கேதான் இருக்கிறது. 16 பிட் கறுப்பு வெள்ளை டிஃப் கோப்பு ஒன்று கிட்டத்தட்ட 48 எம்பி வரும்; ஆயிரம் நெகடிவுக்கு 48 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க், அதில் ஒன்று வேறு ஊரில். கோப்புக்கு 03-027 என்று பெட்டி எண்ணும் வரிசை எண்ணும் மட்டும் போதும். தேதியைப் பெயரில் சேர்த்தால், பிறகு தேதி திருத்தும்போது எல்லாம் குழம்பும்.

படப்பக்கம் மேலே வைத்து எடுத்தால் இடவலம் மாறியிருக்கும். எழுத்து இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். எழுத்தில்லாத வாய்க்கால் படத்தில் யாரும் கவனிக்காமல் பவானி மேற்கே ஓடும். சட்டைப் பை இடப்பக்கம் இருக்கிறதா பாருங்கள். புடவை மாராப்பை நம்பாதீர்கள், அது சமூகத்துக்குச் சமூகம் மாறும்.

எண்ணும் நோட்டும் கைகொடுக்காத படங்களுக்கு அவற்றில் தெரியும் பெயர்ப்பலகைகள் உதவும். ‘தமிழ்நாடு அரசு’ என்றிருந்தால் 1969க்குப் பின். ஸ்டுடியோ முத்திரையில் ஆறிலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பின். அரசுப் பலகையில் ‘லை’, ‘னை’ எல்லாம் துதிக்கை போட்ட பழைய வடிவில் இருந்தால் பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன். தனியார் கடைகள் பழைய எழுத்தை ரொம்ப நாள் விடவில்லை. பெரியார் மாவட்டம் என்றால் 1979க்கும் 1990களின் பிற்பகுதிக்கும் இடையில்.

வாய்க்கால் படங்களைத் தனியாகக் குறித்து வையுங்கள். கீழ்பவானி வாய்க்கால் 201 கிலோமீட்டர், 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். அதற்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்று 2020களின் தொடக்கத்தில் பெரிய தகராறே நடந்தது. தொடக்கத்தில் மண்கரை எப்படி இருந்தது, அகலம் என்ன என்பதற்குப் பேச்சை விட நெகடிவ் நல்ல சாட்சி. படம் எடுத்த இடத்தைக் கண்டுபிடிக்க, அருகில் உள்ள மதகின் மூலையும் தூரத்து மலை உச்சியும் பழைய படத்தில் எப்படி ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று பாருங்கள். அதே மாதிரி விழும்வரை பக்கவாட்டில் நகருங்கள். இப்படி இரண்டு ஜோடி பொருந்திவிட்டால் தாத்தா முக்காலி வைத்த இடம் அதுதான்.

பேஸ்புக் விஷயம். நெகடிவ் உங்கள் சொத்து. ஆனால் 1957 பதிப்புரிமைச் சட்டம் 17ஆம் பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். சட்டம் இருக்கட்டும். நாற்காலியில் உட்காரவைத்து எடுத்த சாவுப் படம், சடங்குப் படம் இரண்டையும் வீட்டாரைக் கேட்காமல் போடாதீர்கள். பொதுவேலை, தேர், பள்ளிப் படங்களைச் சின்ன அளவில் போடலாம். தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கிய புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் எழுதிப் பாருங்கள்.

குரூப் போட்டோக்களைப் பெரிதாகப் பிரின்ட் போட்டு, மேலே டிரேசிங் பேப்பர் வைத்துத் தலைகளின் வடிவத்தை வரைந்து ஒவ்வொன்றுக்கும் எண் போடுங்கள். அதை எடுத்துக்கொண்டு ஊர்ப் பெரியவர்களிடம் போனால் அமைச்சர் பெயரை எல்லோரும் சொல்வார்கள். பின்வரிசையில் மண்சட்டியோடு நிற்கும் பெண்களின் பெயரை நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும்.