பவளத் தொட்டியைப் பெரிதாக்கும்போது

கேள்வி: 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டியில் ஐந்து ஆண்டுகளாக மென்பவளங்களையும் இரண்டு கோமாளி மீன்களையும் வளர்த்து வருகிறேன். அவற்றை 450 லிட்டர் தொட்டிக்கு மாற்றும்போது பழைய மணலையும் நீரையும் அப்படியே பயன்படுத்தலாமா?
– வாசகர் ஒருவர், சிங்கப்பூர்

பதில்: நீரைப் பயன்படுத்தலாம், மணல் வேண்டாம். ஐந்து ஆண்டுகளாக மணலின் அடியில் தேங்கிய கழிவு, கிளறப்பட்டவுடன் அம்மோனியாவையும், சில வேளைகளில் அழுகிய முட்டை நாற்றமுடைய ஹைட்ரஜன் சல்பைடையும் வெளியிட்டு, ஒரே இரவில் மீன்களைக் கொன்றுவிடக்கூடும். புது மணலை நன்றாக அலசி இட்டு, பழையதன் மேற்பரப்பிலிருந்து ஒரு கைப்பிடி மட்டும் தூவுங்கள். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்கள் நீரில் மிகக் குறைவாகவும் உயிர்ப்பாறைகளிலும் (நுண்ணுயிர்கள் குடியேறிய துளைகள் நிறைந்த பாறைகள்) வடிகட்டியிலும் மிகுதியாகவும் வாழ்வதால், பாறைகளைக் காயவிடாமல் கடல்நீரில் மூழ்கவைத்தே இடம் மாற்ற வேண்டும். இதில் அவசரம் காட்டியவர்களே பெரும்பாலும் தொட்டியை இழக்கிறார்கள்.

கூடுதலாகத் தேவைப்படும் நீரில் முந்தைய நாளே கடல் உப்பைக் கலந்து வைத்துவிடுங்கள். சிங்கப்பூர்க் குழாய்நீரிலுள்ள கிருமிநீக்கியான குளோரமின், குளோரினைப் போலத் திறந்துவைத்தால் எளிதில் அகலாது என்பதால், கரி வடிகட்டியுடன் கூடிய ஆர்.ஓ. கருவியில் சுத்திகரித்த நீரையே எடுத்து, உப்புத்தன்மை ஆயிரத்துக்கு 35, வெப்பநிலை 26 பாகை செல்சியஸ் என்ற அளவுகளில் பழைய நீரோடு ஒத்துப்போகச் செய்யுங்கள். முதலில் பாறை, அடுத்துப் பவளம், நீர் தெளிந்தபின் மீன். புது விளக்கு வலிமையானதாயின் குறைந்த ஒளியில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டுங்கள். இரண்டு வாரங்களுக்கு நாள்தோறும் அம்மோனியாவைச் சோதித்து, தீனியைக் குறையுங்கள். காலியிடத்தைக் கண்டு புது மீன் வாங்கும் ஆசை வரும், அதையும் அதுவரை தள்ளிவையுங்கள்.